வாசலில் பூட்டு, கூடத்தில் திருடன்: வீட்டு நெட்டைச் சரிபார்த்த மூன்று வாரம்

போன ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லோரும் ஜீப்ரா கிராஸிங் பொறுக்கிக்கொண்டிருந்தோம். எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'நீ மனிதன்தானா' என்று கேட்டது. பஸ் இருக்கும் கட்டத்தைத் தொடு, சிக்னல் கம்பம் இருக்கும் கட்டத்தைத் தொடு. அப்பா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மின்கட்டணத்தை நேரிலேயே கட்டிவிட்டு வந்தார். "மொபைல் டேட்டால போனா கேக்கறதே இல்லப்பா, நம்ம வைஃபைலதான் இப்படி" என்று மகள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்று இரவே இணைப்பு கொடுத்தவர்களின் ஆப்பில் மாதக் கணக்கைப் பார்த்தேன். எங்கள் திட்டத்தில் 3300 ஜிபி வரை முழு வேகம், அதனால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இறக்கியது சுமார் 600 ஜிபி, சரி. ஏற்றியது 190 ஜிபி! இந்த வீட்டில் யார் எதை ஏற்றுகிறார்கள்? அப்பா தினமும் காலை வணக்கம் ரோஜாப்பூ அனுப்புவார். அதற்கு 190 ஜிபி ஆகாது.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான் நெட்வொர்க் ஆள் இல்லை. தணிக்கை அலுவலகத்தில் வேலை. வரவு செலவு ஒத்துப்போகாவிட்டால் தூக்கம் வராது என்பது மட்டும்தான் இந்த வேலைக்கு என்னிடம் இருந்த தகுதி.

முதல் சனிக்கிழமை

திருவானைக்காவலில் எங்கள் வீடு பழைய பாணி. திண்ணை, ரேழி, கூடம், கடைசியில் கொல்லை. ஃபைபர் பெட்டி ரேழியில் மின்மீட்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நாங்கள் அதை மோடம் என்றுதான் சொல்வோம். அதைக் கழற்றித் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர்: முகவரி 192.168.1.1, பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். மூன்று வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. மூன்று வருடமாக நானும் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை.

இந்த 'அட்மின், அட்மின்' எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016இல் ஒரு பாடம் நடந்தது. மிராய் என்ற நச்சு நிரல் இணையம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் போய், கையில் இருந்த அறுபது சொச்சம் பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அதற்கு மேல் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. அந்த வருடம் அக்டோபர் 21ஆம் தேதி தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற பெயர்ச்சேவை நிறுவனத்தை இந்தப் படை தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் கல்லூரி வயதுப் பையன்கள்.

கடவுச்சொல்லை மாற்றினேன். பக்கத்திலேயே டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைத்தேன். எட்டு இலக்க எண்ணைப் போட்டால் வைஃபையில் சேர்த்துக்கொள்ளும் வசதி அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் முதல் நான்கு இலக்கம் சரியா என்று பெட்டி தனியாகச் சொல்லிவிடும், அது 10,000 வாய்ப்பு. மீதி நான்கில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆக 1,000. மொத்தம் 11,000 முறை முயன்றால் போதும். 2011 கடைசியிலேயே இது வெளியே வந்துவிட்டது. தணிக்கைக்காரனாக எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போய், வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

அப்புறம் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தேன். மடிக்கணினியில் என்மேப் என்ற இலவசக் கருவியைப் போட்டு வீட்டு வலையைத் துழாவச் சொன்னேன். 14 கருவிகள். எங்களுக்குத் தெரிந்தவை 9. ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் மேக் முகவரியையும் (கருவிக்கென்று ஆலையிலேயே இடும் அடையாள எண்) எழுதி ஆள் தேட ஆரம்பித்தேன். அந்த முகவரியின் முதல் பாதி தயாரித்த நிறுவனத்தைக் காட்டும் என்பதால் பிரிண்டரும், கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும் உடனே சிக்கின. போன்கள்தான் படுத்தின. இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன, தனியுரிமைக்காக. ஒவ்வொரு போனாக ஏரோப்ளேன் மோடில் போட்டு, பட்டியலில் எது காணாமல் போகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மிச்சம் ஒன்று நின்றது. மாடியில் குடியிருந்து, தை மாதம் காலி செய்து, இரண்டு வீடு தள்ளிக் குடிபோனவரின் டேப்லெட். அவர் தெரிந்து செய்யவில்லை. கடவுச்சொல் அதில் நினைவில் இருந்திருக்கிறது, சிக்னலும் எட்டியிருக்கிறது. வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன். சம்பந்தமே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துவிட்டேன். நீளமாக இருப்பதுதான் முக்கியம், டாலர் குறியும் ஆச்சரியக் குறியும் இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது.

அதே நோட்டில் ஒரு வரி எழுதிவைத்தேன்: 'டிவி பெட்டி, போர்ட் 5555 திறந்திருக்கிறது?' டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன ஆண்ட்ராய்டு பெட்டி அது. போர்ட் என்பது கருவிக்குள் நுழைய எண் போட்ட வாசல். கேள்விக்குறியோடு விட்டுவிட்டேன். பிறகு அதற்கு வருகிறேன்.

வாட்ச்மேன் நோட்டு

கடவுச்சொல்லை எல்லாம் மாற்றினாலும் அடுத்த நாளும் ஜீப்ரா கிராஸிங் வந்தது. சரி, ஃபயர்வாலைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

ஃபயர்வால் என்றால் என்ன என்று எனக்கு நானே புரியவைத்துக்கொண்ட விதம் இது. அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் ஒருவர் இருக்கிறார். கையில் ஒரு நோட்டு. எந்த வீட்டிலிருந்து யாரை வரச்சொன்னார்கள் என்று அதில் எழுதிக்கொள்வார். 4பியில் சாப்பாடு ஆர்டர் போட்டிருந்தால் டெலிவரி பையனை விடுவார். யாரும் கூப்பிடாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்புவார். வீட்டு ரவுட்டர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். உள்ளிருந்து போன் ஒரு தளத்தைக் கூப்பிட்டால் அந்த இணைப்பைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அதற்கான பதில் வந்தால் விடும், மற்றதைத் தள்ளும்.

வந்து போகிற பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று வாட்ச்மேன் பிரித்துப் பார்ப்பதில்லை. உள்ளேயிருந்து வெளியே போகிறவரை நிறுத்திக் கேட்பதும் இல்லை. வீட்டு ஃபயர்வாலின் பழக்கமும் அதேதான்: உள்ளிருந்து வெளியே போகிற எல்லாவற்றுக்கும் அனுமதி. இதைப் படித்தபோது தலையாட்டிவிட்டுக் கடந்துவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மோடத்தின் பக்கத்தில் யூபிஎன்பி என்ற பட்டியலைத் திறந்தேன். வாட்ச்மேனிடம் போய் 'என்னைத் தேடி ஆள் வருவார்கள், கேட்காமல் விடுங்கள்' என்று கருவிகளே சொல்லிவைக்கும் வசதி இது. வீட்டு வலைக்குள் இருக்கும் எந்தக் கருவி வேண்டுமானாலும் சொல்லலாம், கடவுச்சொல் கிடையாது. எங்கள் டிவிஆர் நான்கு போர்ட்களைத் திறந்துவைத்திருந்தது. வீடியோ ஓட்டத்துக்கான 554 அதில் ஒன்று. கேமரா மாட்ட வந்த தம்பி கையாலும் ஒரு விதி போட்டுவிட்டுப் போயிருந்தார். யூபிஎன்பியை அணைத்தேன், விதியை அழித்தேன். அப்பாவின் போனில் கேமரா தெரியாமல் போகும் என்று பயந்தேன். தெரிந்தது! டிவிஆர் தானே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரோடு பேசுகிறது, அப்பாவின் ஆப்பும் அங்கேதான் போகிறது, இரண்டும் அங்கே சந்தித்துக்கொள்கின்றன. ஆக அந்த நான்கு போர்ட்களும் யாருக்கும் உபயோகமில்லாமல் சும்மா திறந்து கிடந்திருக்கின்றன.

பெரிதாகச் சாதித்த நினைப்பில், வெளியிலிருந்து சோதித்துப் பார்க்கலாம் என்று மடிக்கணினியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். எங்கள் வீட்டு முகவரி என்ன என்று ஒரு தளம் சொன்னது. அதை என்மேப்பில் போடும் முன் மோடத்தில் இருக்கும் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், பழக்க தோஷம். ஒத்துப்போகவில்லை. மோடத்தில் இருந்தது 100.72 என்று தொடங்கியது.

தேடிப் பார்த்ததில் விஷயம் விளங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணைப்பு கொடுப்பவர்கள் தங்களுக்குள் பயன்படுத்துவதற்கென்று 2012இல் ஒதுக்கப்பட்டவை. பழைய முறை முகவரிகள் உலகத்தில் தீர்ந்துபோனதால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடைத்துவைக்கிறார்கள். அந்தத் தளம் காட்டிய முகவரி எங்களுடையது மட்டும் இல்லை, எத்தனையோ வீடுகளுக்குச் சேர்த்து ஒன்று. அதைத் துழாவுவது ஊரார் கதவைத் தட்டுவது போல. நிறுத்திக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அரை நாள் உட்கார்ந்து மூடிய அந்த நான்கு போர்ட்களுக்கும் வெளியிலிருந்து யாருமே வந்திருக்க முடியாது. எங்கள் மோடத்துக்கு முன்னால் இணைப்புக்காரர்களின் பெரிய மோடம் ஒன்று இருக்கிறது, அங்கே யாரும் வழி திறக்கவில்லை. சுவரில் வரைந்த கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

கொல்லைப்புறம்

சிரித்து முடித்த பிறகுதான் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை கண்ணில் பட்டது. மோடத்தின் கருவிப் பட்டியலில் பிரிண்டருக்கு இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்று 192.168 வகை. இன்னொன்று 2401 என்று தொடங்கும் நீளமான ஒன்று.

பழைய முறையில் வீட்டுக் கருவிகளுக்கு வெளியுலகம் அறியாத முகவரிதான் கிடைக்கும். 192.168 என்று உலகத்தில் கோடி வீடுகளில் இருக்கிறது. அந்த மறைவே ஒரு காவல் மாதிரி ஆகிவிட்டது. ஐபிவி6இல் முகவரிக்குப் பஞ்சமில்லை, அதனால் பிரிண்டருக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் சொந்த முகவரி. இங்கே மறைவு கிடையாது. காவல் வேண்டுமென்றால் உண்மையான ஃபயர்வால் நின்று தடுக்க வேண்டும்.

போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், உலாவியில் அந்த நீள முகவரியைச் சதுர அடைப்புக்குள் தட்டினேன். இரண்டு நொடி சுற்றியது. எங்கள் பிரிண்டரின் பக்கம் திறந்தது. மை அளவு நீலம் 40 சதவீதம், கடைசியாக அச்சிட்டது மகளின் ஹால் டிக்கெட். கடவுச்சொல் கேட்கவே இல்லை.

கொஞ்ச நேரம் ரேழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மோடத்தின் ஐபிவி6 ஃபயர்வால் 'குறைந்த' நிலையில் இருந்திருக்கிறது. அதை உயர்த்தும் மெனு எனக்குக் கொடுத்த கணக்கில் தெரியவே இல்லை. மேலதிகாரக் கணக்கு ஒன்று உண்டு, அது நிறுவனத்திடம்.

இதைக் கேட்டு யாரும் அலற வேண்டாம். ஐபிவி6 முகவரிகளைக் குருட்டாம்போக்கில் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். ஒரு வீட்டு வலையில் மட்டும் 2இன் அடுக்கு 64 முகவரிகள், எழுதினால் 20 இலக்கம். ஆனால் பழைய பிரிண்டர் மாதிரிக் கருவிகள் தங்கள் மேக் முகவரியை வைத்தே அந்த எண்ணை உருவாக்குவதால் ஊகிக்கும் வேலை வெகுவாகக் குறைகிறது. எந்தத் தளத்துக்குப் போனாலும் அந்தத் தளத்திடம் முகவரி பதிவாகியும் விடும். மறைவிடம் என்பதால் கொல்லைக் கதவைத் திறந்துவைத்துத் தூங்க முடியுமா?

சேவை மையத்துக்கு போன் செய்தேன். வந்த தம்பி நல்ல மாதிரி. "சார், அந்த செட்டிங் எங்களுக்கே மேலேர்ந்துதான் வரும். நீங்க வேணா பிரிட்ஜ் மோட்ல போட்டுட்டு சொந்த ரவுட்டர் வெச்சுக்கோங்க" என்றார். மோடம் வெறும் கண்ணாடி இழையைக் கம்பியாக மாற்றித் தரும் வேலையை மட்டும் பார்க்கும். மற்றதெல்லாம் என் ரவுட்டர் பார்க்கும்.

ரவுட்டர் போட்ட கதை

ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டராகப் பார்த்து வாங்கினேன். அந்தப் பெயரில் இருக்கும் டபிள்யூஆர்டி, லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல நிற ரவுட்டரிலிருந்து வந்தது. அதில் லினக்ஸ் என்ற திறந்த மென்பொருள் இருந்ததால் நிறுவனம் மூலநிரலை வெளியிட வேண்டி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2004இல் ஆரம்பித்த திட்டம் இது. எல்லோருக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். கடையில் வாங்கும் சாதாரண ரவுட்டரிலும் ஐபிவி6 ஃபயர்வாலும் விருந்தினர் வைஃபையும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எனக்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது, அதனால் இது.

பிரிட்ஜ் மோடுக்கு மாற்றிய அன்று மாலை நெட் வரவில்லை. இணைப்புக்குள் நுழைய நிறுவனம் தந்த பிபிபிஓஇ பெயரும் கடவுச்சொல்லும் சரிதான். நாலு முறை தட்டிப் பார்த்தேன். மகளுக்கு ஏழு மணிக்கு ஆன்லைன் வகுப்பு. அவள் கதவருகில் வந்து நின்றுகொண்டு எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தாள். எட்டரை மணிக்குத் தம்பியை வாட்ஸ்அப்பில் பிடித்தேன். "விலேன் எண் போட்டீங்களா சார்?" போடவில்லை. ஃபைபர் வழியில் இணையம், தொலைபேசி, டிவி என்று தனித்தனித் தடங்கள் போகுமாம், எந்தத் தடம் என்று ரவுட்டருக்குச் சொல்ல வேண்டுமாம். எண்ணைப் போட்ட அடுத்த நொடி வந்துவிட்டது. பிரிட்ஜ் மோடு போட நினைப்பவர்கள் அந்த எண்ணை முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டு மானம் மிஞ்சும்.

புது ரவுட்டரில் முதல் வேலை, மொபைல் டேட்டாவிலிருந்து பிரிண்டரை மறுபடி கூப்பிட்டது. இணைப்பு மாறியதில் முகவரியின் முன்பகுதி மாறியிருந்தது, புதியதைப் போட்டேன். திறக்கவில்லை. இந்த மென்பொருளில் வெளியிலிருந்து உள்ளே வருவதை மறுப்பதுதான் ஆரம்ப நிலையே, பழைய முறைக்கும் புதிய முறைக்கும் சேர்த்து.

ஜீப்ரா கிராஸிங் மட்டும் நிற்கவில்லை.

இரவுக் கணக்கு

எந்தக் கருவி எவ்வளவு இறக்கியது, எவ்வளவு ஏற்றியது என்று தனித்தனியாக எண்ணும் துணை மென்பொருள் ஒன்று இந்த ரவுட்டரில் போடலாம். போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் காபியோடு திறந்தால், முதல் வரியில் டிவி பெட்டி. இரவு 11 மணிக்குப் பிறகு இறக்கியது 3.1 ஜிபி, ஏற்றியது 2.9 ஜிபி.

இந்த இரண்டு எண்களைத்தான் நான் முதல் நாளே தேடியிருக்க வேண்டும். டிவியில் படம் பார்த்தால் இறக்குவது மலையளவு, ஏற்றுவது கடுகளவு. கேமரா என்றால் நேர்மாறு. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறது என்றால் அந்தக் கருவி எதையும் பார்க்கவும் இல்லை, காட்டவும் இல்லை. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கிறது. தரகர் வேலை. அதுவும் டிவி அணைந்திருக்கும்போது! ரிமோட்டில் டிவி மட்டும்தான் அணைகிறது, பின்னால் ஒட்டியிருக்கும் பெட்டி விழித்தே இருக்கிறது.

நோட்டில் கேள்விக்குறி போட்டிருந்த 5555க்கு ஓடினேன். ஆண்ட்ராய்டு மென்பொருள் எழுதுகிறவர்கள் கருவிக்குள் நுழைந்து சோதிக்கப் பயன்படுத்தும் வாசல் அது. கடையில் விற்கிற டிவி பெட்டியில் திறந்திருக்க எந்த நியாயமும் இல்லை. 2018இலேயே இந்த வாசல் வழியாகப் பரவிய நச்சு நிரல் உண்டு.

ரவுட்டரில் பெயர்த்தேடல்களைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி, பெட்டி யாரையெல்லாம் கூப்பிடுகிறது என்று ஓர் இரவு பார்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டிராத மொழிகளில் ஷூ விற்கும் கடைகள், கச்சேரி டிக்கெட் தளங்கள், விளம்பரக் கம்பெனிகள். எங்கோ யாரோ எங்கள் வீட்டு விலாசத்தில் நின்றுகொண்டு கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். தளங்கள் எங்களை ரோபோவா என்று கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு ரோபோ இருந்தது.

இது புதிய வியாபாரமும் இல்லை. சான்றிதழ் இல்லாத மலிவு ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் ஆலையிலிருந்து கைக்கு வருவதற்குள்ளேயே நச்சு நிரல் ஏற்றப்படுவதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023இல் பேட்பாக்ஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். வீட்டு இணைப்பை வாடகைக்கு விடுவது அதன் முக்கிய வருமானம். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே கொடுத்தது. அடுத்த மாதம் கூகிள் வழக்குப் போட்டபோது, பாதிக்கப்பட்ட கருவிகள் ஒரு கோடிக்கு மேல் என்று சொன்னது. எங்கள் பெட்டியில் இருந்தது அதேதானா, அதன் ஒன்றுவிட்ட தம்பியா என்று என்னால் சொல்ல முடியாது. செய்த வேலை அந்த வேலை.

இங்கேதான் வாட்ச்மேன் கதை திரும்ப வருகிறது. அவர் மேல் பிழையே இல்லை. கூப்பிடாமல் வந்தவர் யாரையும் அவர் விடவில்லை. பெட்டிதான் உள்ளிருந்து வெளியே போய்க் கூப்பிட்டது, அவர் நோட்டில் எழுதிக்கொண்டு, பதிலுக்கு வந்தவர்களை மரியாதையாக விட்டார். திருடனை நாங்களே பணம் கொடுத்து வாங்கி, கூடத்தில் டிவிக்குப் பின்னால் இரட்டை ஒட்டு டேப்பால் ஒட்டிவைத்திருக்கிறோம்.

ஆலை நிலைக்குத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. நிரல் அடிப்படை மென்பொருளுக்குள்ளேயே இருந்தால் அழிப்பதும் அதையேதானே திரும்ப ஏற்றும். பெட்டிக்கு மட்டும் வெளியே போகத் தடை போட்டு ஒரு விதி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் 4,000க்கும் மேல் தடவை முட்டிப் பார்த்திருந்தது. பிடுங்கிவிட்டேன்.

அம்மா விடவில்லை. "ஏன்டா, ஏழரை மணி சீரியலுக்கு நான் எங்கே போறது?"

"அதுல திருட்டு ப்ரோக்ராம் இருக்கும்மா."

"இருந்துட்டுப் போறது, சீரியல் தெரியறதோல்லியோ?"

பதில் சொல்லத் தெரியாமல், அன்றே கூகிள் சான்றிதழ் உள்ள ஒரு ஸ்டிக் வாங்கி வந்தேன்.

தனித்தனி அறை

ஒரு திருடன் போனால் இன்னொன்று வரலாம். அதனால் வீட்டு வலையை இரண்டாகப் பிரித்தேன். மடிக்கணினி, போன் எல்லாம் ஒரு வலை. டிவி, டிவிஆர், மகளின் வண்ண விளக்கு எல்லாம் 'பொருட்கள்' என்று இன்னொரு வலை. என் போனிலிருந்து பொருட்களைப் பார்க்கலாம், பொருட்கள் என் போனைப் பார்க்க முடியாது. சாதாரண ரவுட்டரில் இதற்கு விருந்தினர் வைஃபையே போதும். டிவிஆர் கம்பியில் இணைந்திருந்ததால் ரவுட்டரின் ஒரு போர்ட்டையே அந்த வலைக்கு எழுதிவைத்தேன்.

இரண்டு இடத்தில் அடி வாங்கினேன். பிரிண்டரையும் பொருட்கள் பக்கம் தள்ளியதும் யாருடைய போனிலும் அது தெரியவில்லை. 'இங்கே பிரிண்டர் இருக்கிறேன்' என்று அது கூவுவது அந்த வலைக்குள் மட்டும்தான் கேட்கும், சுவர் தாண்டாது. முகவரியைக் கையால் போட்டால் அச்சிடலாம், ஆனால் அப்பாவுக்கு அதெல்லாம் சரிப்படாது. திரும்ப எங்கள் பக்கமே கொண்டுவந்து, அதன் பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டேன்.

இன்னொன்று டிவிஆர். அப்பா வெளியூரிலிருந்து கேமரா பார்த்து ஒரு வருடம் ஆகிறது என்பதால் அதை இணையத்திலிருந்து முழுக்க வெட்டிவிட்டேன். பத்து நாள் கழித்துப் பால் பாக்கெட் காணோம் என்று பதிவைப் பார்த்தால், காலை ஆறு மணிக் காட்சியில் நிலா வெளிச்சம். டிவிஆரின் கடிகாரம் தடுமாறியிருக்கிறது. நேரம் கேட்பதற்கும் அது வெளியேதான் போயாக வேண்டும், அந்த வழியையும் நான் அடைத்துவிட்டேன். ரவுட்டரே நேரம் சொல்லும்படி வைத்து, டிவிஆரில் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தேன். பால் பாக்கெட்டை எடுத்தது பூனை.

அப்பாவின் மடிக்கணினி கடைசி. பாத்திரக் கடைக் கணக்கு அதில்தான். விண்டோஸ் ஃபயர்வால் மூன்று நிலைகளிலும் அணைந்திருந்தது. கணக்கு மென்பொருள் போட வந்தவர், 'இதை அணைச்சாத்தான் பில் மெஷின் பேசும்' என்று அணைத்துவிட்டுப் போனாராம். எனக்குக் கோபம் வந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, யாரும் எதையும் தொடாமலே விண்டோஸ் கணினிகளுக்குள் ஏறிய பிறகு, மைக்ரோசாஃப்ட் அடுத்த வருடம் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2இல் ஃபயர்வாலைத் தானாகவே இயங்க வைத்தது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற பணம் பறிக்கும் புழு பரவியதும் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் வழியாக, அதுவும் திருத்தம் வெளியாகி இரண்டு மாதம் கழித்து. ரவுட்டர் வெளியாளைத் தடுக்கும். அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியில் தொற்று இருந்தால், நடுவில் நிற்பது இந்த ஃபயர்வால் மட்டும்தான். இயக்கிவிட்டு, கணக்கு மென்பொருளுக்கு மட்டும் தனியாக வழி விட்டேன். பில் மெஷின் நன்றாகவே பேசுகிறது. கடையிலோ ஹோட்டலிலோ வைஃபையில் சேரும்போது 'பொது' என்று தேர்ந்தெடுக்கும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் தலையாட்டியிருக்கிறார்.

பெயர்த்தேடலை 9.9.9.9 என்ற முகவரியில் இருக்கும் பெயர்ச்சேவைக்கு மாற்றியது இரண்டு நிமிட வேலை. தெரிந்த நச்சுத் தளங்களின் பெயரைக் கேட்டால் அது பதிலே தராது. இதெல்லாம் செய்தும், வாட்ஸ்அப்பில் 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்று வரும் ஏபிகே கோப்பை (போனில் ஆப் ஏற்றும் கோப்பு) அப்பா தொட்டால் எந்த விதியும் காப்பாற்றாது. அதனால் 1930 என்ற எண்ணை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறேன். பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய எண்.

போன மாதம் ஏற்றியது 21 ஜிபி. ஜீப்ரா கிராஸிங் எப்போதாவது வருகிறது. பொது முகவரியைத் தெருவோடு பகிர்கிறோம், மற்ற வீடுகளின் டிவிக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறதோ.

ஒரு வீட்டில் மட்டும் தெரியும். அந்தப் பெட்டியை எங்களுக்குக் கொடுத்தது சித்தப்பா. தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கி, ஒன்றை அம்மாவுக்குத் தீபாவளிக்குக் கொடுத்தார். இன்னொன்று அவர் கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் விளக்கினேன், 3.1, 2.9 எண்களை எல்லாம் காட்டி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டார்.

"படம் பளிச்சுன்னுதானே தெரியுது? இதுல என்னடா கோளாறு?"